கைப்பேசி இணைப்பும் நம் மாணவரும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவதே முறை. நாமோ கைப்பேசி இணைப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். எந்தக் கம்பெனியின் சிம் அட்டையை வாங்குவது, எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டுவது, 4ஜி போதுமா, 5ஜி வேண்டுமா என்பனவெல்லாம் கடைவீதியில் நின்று பேசித் தீர்க்கவேண்டிய செய்திகளாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் இது முற்றிலும் கல்வியைச் சேர்ந்த பொருளே என்பதை முதற்கண் எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

1944ஆம் ஆண்டில், அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், பட்டியல் சாதி மாணவர்கள் மேற்கல்வி பெறுவதற்கான மைய அரசின் உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பெற்றது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்றும் அத்திட்டத்தின் துணைகொண்டே படிக்கின்றனர். 2020 டிசம்பரில் அத்திட்டம் திருத்தியமைக்கப்பெற்றது. 2021-22 கல்வியாண்டு முதல் மைய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் சேரும்படி வழிசெய்யப்பெற்றது. இடையில் எவருடைய கையும் படாமல் பணம் வந்து சேர்வது நல்லதே. ஆனால் அதற்குரிய விண்ணப்பம் இணையத்தின் வழியே செல்கிறது. ஆதார் சரிபார்ப்பும் வங்கிச் செய்தியும் கைப்பேசி எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு நடைபெறுகின்றன. அந்த எண் செயலற்றுக் கிடந்தால் விண்ணப்பம் பாதி வழியில் நின்றுவிடும். அரசுப் பணித் தேர்வுக்குப் பதிவு செய்வதும், கல்லூரிச் சேர்க்கைக்கான கலந்தாய்வில் இடம் தேர்ந்தெடுப்பதும் இன்று அவ்வாறே ஆகிவிட்டன.

2020 மார்ச்சில் கொரோனா நோய்த்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பெற்றபோது, இணைப்பு உள்ள பிள்ளை, இணைப்பு இல்லாத பிள்ளை என்று மாணவர் இரு கூறாய்ப் பிரிந்ததை நாம் நேரில் கண்டோம். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரிலேயே தீர்ப்பளித்திருந்தது. உரிமை என்று ஒப்புக்கொள்ளப்பெற்ற ஒன்றை விலை கொடுத்து வாங்கவேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம். விலை கொடுத்து வாங்குவதை எண்ணிப் பார்த்து வாங்குதல் அறிவுடைமையாகும்.

கடந்து வந்த பாதை

இந்தியாவில் முதல் கைப்பேசி உரையாடல் 1995 ஜூலை 31ஆம் நாள் நிகழ்ந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு, தில்லியிலிருந்த மைய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்நாளில் ஒரு நிமிடப் பேச்சுக்குப் பதினாறு ரூபாய் வரை செலவாயிற்று. பிறர் நம்மை அழைத்தாலும் நாமே பணம் கட்டவேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டில்தான், அழைப்பவரே கட்டணம் செலுத்துவது என்ற முறை நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரே கூலித் தொழிலாளியின் சட்டைப்பையில் கைப்பேசி இடம்பெறத் தொடங்கியது.

2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் பி.எஸ்.என்.எல். என்னும் அரசு நிறுவனம் தோன்றியது. ஏறத்தாழ நம் கழகத்தின் வயதே அதற்கும். பின்னர்ப் பத்துக்கும் மேற்பட்ட தனியார் கம்பெனிகள் போட்டியில் இறங்கின. 2016 செப்டம்பரில் ஜியோ தன் 4ஜி சேவையைத் தொடங்கியபின் விலைகள் சரிந்தன. போட்டியிட்ட பல கம்பெனிகளும் சரிந்தன. 2018இல் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இறுதியில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா ஆகிய மூன்று தனியார் நிறுவனங்களும் அரசுத் துறையுமே எஞ்சின.

தமிழ்நாட்டு மக்கள் மறக்கவொண்ணாத நிகழ்ச்சி ஏர்செல் நிறுவனத்தின் மறைவாகும். நம் மாநிலத்தில் தோன்றி வளர்ந்து, சிற்றூர் மக்களிடையே பெரிதும் பரவியிருந்த அந்நிறுவனம், 2018 பிப்ரவரியில் பல இடங்களில் சிக்னல் இழந்தது. அம்மாத இறுதியில் நொடித்துப்போனதாக நீதி மன்றத்தை நாடியது. இலட்சக்கணக்கானோர் தம் எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள வேறு நிறுவனங்களுக்கு ஓடினர். எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருந்ததால் அவர்கள் தப்பினர். எந்த நிறுவனமும் நிலையானதன்று; நம் எண்ணே நமக்கு நிலையானது. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

எந்தக் கம்பெனி சிறந்தது என்று பலர் கேட்கின்றனர். அக்கேள்விக்கு நாடு முழுமைக்கும் பொருந்தும் விடை கிடையாது. எட்டும் எல்லை, செலவு, வேகம் என்னும் மூன்றையும் சீர்தூக்கவேண்டும். அவற்றை இதே வரிசையில் சீர்தூக்கவேண்டும் என்பதே நாம் சொல்ல வந்த செய்தி. விளம்பரங்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, வேகத்தை முன்னிறுத்துகின்றன. வேகத்தைக் கேட்டு மயங்கி வாங்கியவர், தம் வீட்டுத் திண்ணையில் சிக்னல் இல்லையென்று பின்னர் வருந்துகிறார்.

எட்டும் எல்லை

பாசன நிலத்தை அறிந்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். அணையில் எவ்வளவு நீர் இருப்பினும், வாய்க்காலில் எவ்வளவு விரைந்து பாயினும், கடைமடை வயலுக்கு வந்து சேராத நீரால் அந்த வயலுக்குப் பயனில்லை. கைப்பேசி அலையும் அத்தகையதே. நம் மக்களின் குடியிருப்புகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, ஏரிக்கரை ஓரத்திலும் வயல்வெளி கடந்தும் அமைந்திருப்பது யாவரும் அறிந்த வரலாறு. மின்காந்த அலைக்கு ஊர் என்றும் சேரி என்றும் தெரியாது. தூரமும் சுவரும்தாம் தெரியும். ஆனால் அந்தத் தூரத்தை அமைத்தவர்கள் மனிதர்கள். ஆகவே கடைத்தெருவில் நான்கு கோடு காட்டும் சிக்னல், நம் தெருக்கோடியில் ஒரு கோடாகச் சுருங்குவது உண்டு.

அலைகளின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். 700, 850, 900 மெகா ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தொலைவு செல்லும். சுவர்களையும் ஓரளவு ஊடுருவும். 2300 மெகா ஹெர்ட்ஸும், 5ஜி சேவைக்குப் பெரிதும் பயன்படும் 3300 மெகா ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டனவும் மிகுதியான செய்திகளைச் சுமக்க வல்லவை. ஆனால் விரைவில் வலிமை குன்றுபவை. காங்கிரீட் சுவரும் தகரக் கூரையும் அலையைத் தடுக்கும். தெருவில் நின்றால் கிடைக்கும் சிக்னல் அறைக்குள் கிடைக்காமற் போவதன் காரணம் இதுவே.

கைப்பேசிக் கருவியையும் பார்க்கவேண்டும். ஜியோ நிறுவனத்துக்கு 2ஜி சேவை கிடையாது. எனவே பாட்டியிடம் உள்ள பழைய பொத்தான் கைப்பேசியில் அதன் சிம் வேலை செய்யாது. 4ஜி கருவி வேண்டும். அவ்வாறே, 5ஜி வசதி இல்லாத கருவியை வைத்துக்கொண்டு 5ஜி திட்டத்துக்குப் பணம் கட்டுவது வீண் செலவாகும்.

அப்படியாயின் எட்டும் எல்லையை அறிவது எவ்வாறு? சேவைத் தரம் பற்றி டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வெளியிட்ட விதிகளின்படி, நிறுவனங்கள் தம் சிக்னல் எங்கெங்கு உண்டு என்னும் வரைபடத்தை இணையத்தளத்தில் வெளியிடவேண்டும். முதலில் அதனைப் பாருங்கள். ஆனால் அதனோடு நின்றுவிடலாகாது. வரைபடம் வெட்டவெளியைக் காட்டும். உங்கள் அறையைக் காட்டாது. நண்பர்களிடம் உள்ள வேறு வேறு நிறுவனச் சிம்களைக் கொண்டு, நீங்கள் அமர்ந்து படிக்கும் இடத்திலேயே சோதித்துப் பாருங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, இரவு எட்டு மணியளவில் ஒருமுறை என மூன்று நாள் சோதியுங்கள். அழைப்பு இடையில் அறுகிறதா, குறுஞ்செய்தி உடனே வருகிறதா, ஒரு பாடக் காணொலி தடையின்றி ஓடுகிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

திரையில் தெரியும் கோடுகளை மட்டும் நம்பவேண்டாம். ஒவ்வொரு கருவியும் தன் விருப்பப்படி கோடு காட்டும். கருவியின் அமைப்புகளில் சிக்னல் வலிமை டெசிபெல் அளவில் காட்டப்பெறும். 4ஜியில் மைனஸ் 90 அல்லது அதனினும் நெருங்கி மைனஸ் 80 என்றிருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110ஐத் தாண்டி மைனஸ் 115, 120 என்று சென்றால் மெலிந்த சிக்னல் என்று கொள்ளலாம்.

செலவு

எல்லையில் தேறிய நிறுவனங்களுக்குள் செலவை ஒப்பிடுவோம். 2024 ஜூலைத் தொடக்கத்தில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஏறத்தாழ ஒரே நாளில் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவின் நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் தரும் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாயாயிற்று. ஏர்டெல்லின் 2 ஜிகாபைட் மட்டுமே தரும் 28 நாள் திட்டம் 179 ரூபாயிலிருந்து 199 ரூபாயாயிற்று. விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை. எனினும் கணக்கிடும் முறை மாறாது. ஆகையால் அவ்விலைகளைக் கொண்டே கணக்கிட்டுக் காட்டுகிறோம்.

முதலாவது, 28 நாள் என்பது மாதமன்று. ஆண்டுக்குப் பதின்மூன்று முறை பணம் கட்டவேண்டும். 299 ரூபாய்த் திட்டம் ஆண்டுக்கு 3,887 ரூபாய் ஆகும். தந்தை, தாய், கல்லூரி செல்லும் மகள் என மூவருக்கும் அதே திட்டமாயின் ஆண்டுச் செலவு 11,661 ரூபாய். நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. முப்பது நாள் திட்டம் ஒன்றையும், ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்கவேண்டும் என்று 2022 ஜனவரியில் ஆணையம் கட்டளையிட்டது. கடைக்காரர் அவற்றைத் தாமாகச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்கவேண்டும்.

இரண்டாவது, அவரவர் தேவைக்கு ஏற்ற திட்டம் வேண்டும். படிக்கும் பிள்ளைக்கு நாள்தோறும் டேட்டா தேவை. பேச்சுக்கு மட்டுமே கைப்பேசியைப் பயன்படுத்தும் பெற்றோருக்கு 199 ரூபாய்த் திட்டம் போதுமாயின், ஒருவருக்கு ஆண்டுச் செலவு 2,587 ரூபாயே; 1,300 ரூபாய் மிச்சம். இணையம் வேண்டாதவர்களுக்காகப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களை நிறுவனங்கள் வழங்கவேண்டும் என்று 2024 டிசம்பரில் ஆணையம் விதி வகுத்துள்ளதும் நினைவில் கொள்ளத்தக்கது.

மூன்றாவது செய்தியே நம்மை மிகவும் சிந்திக்கவைப்பது. அதே 2024 ஜூலையில் ஏர்டெல் நிறுவனம் ஆண்டு முழுமைக்கும் 24 ஜிகாபைட் தரும் திட்டத்தை 1,999 ரூபாய்க்கு வைத்திருந்தது. 199 ரூபாய்த் திட்டத்தைப் பதின்மூன்று முறை வாங்கினால் கிடைப்பதும் ஏறத்தாழ அவ்வளவே, 26 ஜிகாபைட்தான். ஆனால் செலவு 588 ரூபாய் கூடுதல். ஒரே தவணையில் 1,999 ரூபாய் எடுத்து வைக்க இயன்றவருக்கு நாளொன்றுக்கு ஐந்தரை ரூபாய். இயலாதவருக்கு ஏழு ரூபாய்க்கு மேல். கையில் பணம் இல்லாதவரே மிகுதியாகப் பணம் கட்டுகிறார். அரிசியைப் படிக்கணக்கில் வாங்கும் ஏழை, மூட்டையாக வாங்கும் செல்வரைக் காட்டிலும் கூடுதல் விலை கொடுப்பது போன்றதே இது. இதற்குத் தனி மனிதராய் நின்று தீர்வு காண இயலாது. கழகமாய் நின்றால் காணலாம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

குறைந்த விலை ஒன்றையே நோக்கி ஓடுவதும் தவறு. 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப்பின், விலையை உயர்த்தாத பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்குப் பல இலட்சம் பேர் மாறினர். அப்பொழுது அந்நிறுவனத்தின் 4ஜி அமைப்பு பல இடங்களில் நிறைவுறாத நிலை. அவ்வாண்டு நவம்பரிலேயே அதன் வாடிக்கையாளர் எண்ணிக்கை மீண்டும் குறையத் தொடங்கியது. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தால் அமைந்த அதன் 4ஜி வலையமைப்பு 2025 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது. உங்கள் ஊரில் அது நன்கு எட்டுமாயின் மகிழ்ச்சியுடன் சேருங்கள். எட்டுகிறதா என்று பார்த்தபின் சேருங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தம் இதழைத் தொடங்கியபோது, அதற்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டு, விலையையே பெயரில் பொறித்தார். எளியவன் கையில் உள்ள காசுக்கு எட்டாத அறிவு அவனைச் சென்று சேராது என்பதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்.

வேகம்

இறுதியாக வேகத்தைப் பார்ப்போம். விளம்பரத்தில் வரும் எம்.பி.பி.எஸ். என்பது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதைக் குறிக்கும். நாம் இறக்கும் கோப்பின் அளவோ மெகாபைட்டில் சொல்லப்பெறுகிறது. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 40 மெகாபைட் கொண்ட பாடநூல் ஒன்று, 4 எம்.பி.பி.எஸ். வேகத்தில் இறங்க 80 நொடிகள் ஆகும். அதே நூல் 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் நான்கு நொடிக்குள் இறங்கிவிடும். ஒன்றேகால் நிமிடம் பொறுத்திருப்பதால் மாணவருக்கு வரும் இழப்பு யாது? ஒன்றுமில்லை.

ஒரு நொடிக்கு 1 மெகாபிட் வேகம் இருந்தால் நடுத்தரத் தெளிவுடன் காணொலி வகுப்பைக் காணலாம். அவ்வாறு ஒரு மணி நேரம் பார்த்தால் 450 மெகாபைட் செலவாகும். மூன்று மணி நேரத்துக்கு 1,350 மெகாபைட். ஆக, நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் என்பது மூன்று மணி நேர வகுப்புக்குச் சரியாக இருக்கும். அதற்குமுன் திரைப்படத் துணுக்குகளைப் பார்த்துத் தீர்த்துவிட்டால் வகுப்புக்கு இராது. நாள் அளவு தீர்ந்தபின் வேகம் 64 கே.பி.பி.எஸ். அளவுக்குக் குறைக்கப்படுவது வழக்கம். அந்த வேகத்தில் 2 மெகாபைட் கொண்ட ஒரு நுழைவுச் சீட்டை இறக்குவதற்கே நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். விண்ணப்பத்தின் கடைசி நாளில், கடைசி மணியில், இந்த நான்கு நிமிடம் ஓர் ஆண்டை விழுங்கிவிடக்கூடும்.

இந்தியாவில் அகலக்கற்றை இணைப்பு என்று சொல்லப்பெறுவதற்கு, 2023 முதல் குறைந்த அளவு 2 எம்.பி.பி.எஸ். வேகம் இருக்கவேண்டும். ஆகவே மாணவரே, உச்ச வேகம் எவ்வளவு என்று கேளாதீர். இரவு எட்டு மணிக்குக் குறைந்த வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு டவரின் திறனை அங்குள்ள அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். மாலையில் எல்லோரும் ஒருங்கே பயன்படுத்தும்போது, காலையில் ஐம்பது காட்டிய வேகம் இரண்டாகக் குறைவது உண்டு. ஆணையத்தின் ‘மைஸ்பீடு’ என்னும் செயலியைக் கொண்டு நீங்களே அளந்து பார்க்கலாம்.

5ஜி சேவை நம் நாட்டில் 2022 அக்டோபர் முதல் நாள் தொடங்கப்பெற்றது. 2024 ஜூலைக்குப்பின் ஜியோவும் ஏர்டெல்லும் அளவற்ற 5ஜி டேட்டாவை நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களுக்கே வழங்கின. 5ஜி டவர் அருகில் உள்ளவருக்கும், பெரிய கோப்புகளைக் கையாளும் பொறியியல் மாணவருக்கும் அது பயன்படலாம். மற்றவர் அதற்காகக் கடன் வாங்கிப் புதுக் கருவி வாங்கவேண்டியதில்லை.

எண்ணைக் காத்தல்

இளைஞர்களே! கம்பெனி மாறலாம்; எண் மாறலாகாது. சலுகை விலைக்கு மயங்கி ஆண்டுக்கொரு புது எண் வாங்குவோர், ஆதாரிலும் வங்கியிலும் உதவித்தொகைப் பதிவிலும் தேர்வாணையப் பதிவிலும் பழைய எண்ணை விட்டுவிட்டு அலைகின்றனர். 2013ஆம் ஆண்டு விதியின்படி, முன்பணம் கட்டும் இணைப்பு ஒன்றைத் தொண்ணூறு நாள் முழுதும் பயன்படுத்தாமல் விட்டால் அதனை நிறுவனம் நிறுத்திவிடலாம். பின்னர் அந்த எண் வேறொருவருக்கு வழங்கப்படும். உங்கள் ஓ.டி.பி. முன்பின் அறியாத ஒருவரின் கைப்பேசிக்குச் செல்லும்.

நிறுவனத்தை மாற்ற விரும்புவோர் ‘போர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதி, இடைவெளி விட்டுத் தம் பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பவேண்டும். ஒரு நிறுவனத்தில் தொண்ணூறு நாள் இருந்தவருக்கே மாற்றுக் குறியீடு கிடைக்கும். தமிழ்நாட்டில் அக்குறியீடு நான்கு நாள் செல்லும். மாநிலத்துக்குள் மாற்றம் மூன்று வேலை நாளில் முடிவுறும். பழைய திட்டத்தில் மீந்துள்ள நாள்கள் உடன் வாரா. எனவே திட்டம் முடியும் தறுவாயில் மாறுவதே சிக்கனம். விண்ணப்பக் கடைசி நாளுக்கும் கலந்தாய்வு நாளுக்கும் நெருக்கத்தில் மாறவேண்டாம்.

மற்றொன்றும் கூறவேண்டும். சிம் அட்டை உங்கள் பெயரிலோ உங்கள் தாய் தந்தையர் பெயரிலோ இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் பெயரிலும் முன்பு வேலை செய்த இடத்து மேலாளர் பெயரிலும் உள்ள எண்களை இன்னும் பலர் பயன்படுத்துகின்றனர். அட்டை தொலைந்தால் பெயருக்குரியவர் வந்தால்தான் மாற்று அட்டை கிடைக்கும். 2023இல் தொடங்கப்பெற்ற ‘சஞ்சார் சாத்தி’ என்னும் அரசுத் தளத்தில், உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை அறியலாம். நம் பெயரில் நமக்குரியதைப் பதிவு செய்துகொள்வதன் அருமை, நிலமும் பட்டாவும் பற்றிய வரலாறு அறிந்த நம் மக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை.

கழகத்தின் பணி

இதுகாறும் தனி மனிதர் செய்யவேண்டுவன கூறினோம். கழகம் செய்யத்தக்கன மூன்று உள.

ஒன்று, தெருவாரியான சிக்னல் பதிவேடு. விடுமுறையில் நம் மாணவர் நால்வர் சேர்ந்தால், ஒவ்வொரு குடியிருப்பிலும் எந்த நிறுவனம் எட்டுகிறது, எது எட்டவில்லை என்பதை ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். புதிதாகச் சிம் வாங்குவோர்க்கு அது வழிகாட்டும். எட்டாத இடங்களுக்காகக் குறைகேட்பு எண்ணாகிய 198இல் முறையிட்டு, பதிவு எண்ணைப் பெற்று, அங்குத் தீராவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். ஒருவர் சொன்னால் குறை என்பர். நாற்பது வீட்டார் நாள், நேரம், அளவு குறித்துக் கையொப்பமிட்டு எழுதினால் அது சான்றாகும்.

இரண்டு, வட்டியில்லாச் சுழல்நிதி. முன்னர்க் கூறிய 588 ரூபாயை நினைவுகூருங்கள். அந்த 2024 ஜூலை விலைப்படி, ஆண்டுத் திட்டத்துக்குரிய 1,999 ரூபாயைக் கழகம் முன்னதாகக் கட்டி, உறுப்பினர் மாதம் 167 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதத்தில் திருப்பிச் செலுத்தினால், கழகத்துக்கு இழப்பில்லை, குடும்பத்துக்கு ஆதாயம். ஐம்பது குடும்பங்களுக்கு ஒரு இலட்ச ரூபாய்க்குள் முதல் போதும். ஆண்டுதோறும் அக்குடும்பங்களின் கையில் 29,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். ஆனால் ஓராண்டுக்கு ஒரு நிறுவனத்தோடு பிணைக்கப்படுவதால், சிக்னலைச் சோதித்தபின்னரே இந்நிதியை வழங்கவேண்டும். எட்டும் எல்லை முதலில், செலவு பின்னர் என்ற வரிசையின் இன்றியமையாமை இங்கும் விளங்கும்.

மூன்று, படிப்பகத்துக்கு இழைவழி இணைப்பு. கண்ணாடி இழைக் கம்பி வந்துள்ள ஊர்களில், மாதம் 399 ரூபாயும் வரியும் என்ற விலையில் 30 எம்.பி.பி.எஸ். இணைப்பை ஜியோ நிறுவனம் 2020 செப்டம்பரில் அறிமுகம் செய்தது. வரியோடு ஏறத்தாழ 471 ரூபாய். இருபது மாணவர் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு 24 ரூபாய்க்கும் குறைவு. வீட்டில் சிக்னல் எட்டாத பிள்ளைக்கும் படிப்பகத்தில் வழி பிறக்கும். அங்கு ஒளிரும் விளக்கின்கீழ் மூத்த மாணவர் இளைய மாணவருக்கு விண்ணப்பம் நிரப்பக் கற்றுத் தருவாராயின், அது கம்பெனி எதுவும் விலைக்குத் தர இயலாத சேவையாகும்.

அன்பிற்குரியவர்களே! நம் முன்னோர் பொதுக் கிணற்றிலும் பொதுக் குளத்திலும் தண்ணீர் எடுக்கப் போராடினர். 1927இல் மகாடு குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் எடுத்தருந்தியதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். இன்றைய அலைக்கு எவரும் வேலி போடவில்லை. எனினும் தொலைவாலும் விலையாலும் அறியாமையாலும் அது நம் தெருவுக்கு வாராது நின்றுவிடக்கூடும். தொலைவை மனுவால் குறைப்போம். விலையைக் கூட்டுறவால் குறைப்போம். அறியாமையைப் படிப்பால் நீக்குவோம். அடுத்த உதவித்தொகை விண்ணப்பக் காலம் தொடங்குமுன், நம் குடியிருப்புகளின் சிக்னல் பதிவேடு கழக அலுவலகத்தில் இருக்கவேண்டும். அதற்கு முன்வரும் மாணவர்கள் இக்கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

 வளர்க நம் கல்விக் கழகம்.